முதலில் யாருக்கு? டைனமோ கட்-அவுட்டிலிருந்து சார்ஜிங் சிப் வரை

எங்கள் பக்கத்தில் 'கட்-அவுட்' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். ஒன்று தியேட்டர் வாசலில் பால் ஊற்றுவார்களே, அது. இன்னொன்று பழைய லாரிகளில் இன்ஜினுக்குப் பக்கத்துத் தகட்டில் திருகி வைத்திருந்த, கறுப்பு மூடி போட்ட ஒரு சின்னப் பெட்டி. சேலம், சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் என்று லாரியை நம்பிப் பிழைக்கிற ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு இந்த இரண்டாவது கட்-அவுட்டும் தெரிந்திருக்கும். "செல்ஃப் எடுக்கல, கட்-அவுட்டைப் பாரு" என்பது பட்டறைகளில் அடிக்கடி கேட்கிற வாக்கியம்.

நான் மென்பொருள் ஆள். பி.இ. படித்தபோது டைனமோ எனக்குப் பரீட்சைக் கேள்வி மட்டும்தான். அதைப் பற்றி இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு சிப். கோழிப்பண்ணை ஷெட்டுக்குள் வெப்பநிலையை அளந்து போனுக்கு அனுப்பும் கருவி ஒன்றை நாமக்கல்லில் ஒரு நண்பருக்காகச் செய்துகொண்டிருக்கிறேன். கூரைமேல் சின்ன சோலார் தகடு, உள்ளே ஒரு லித்தியம் செல், நடுவில் சார்ஜிங் சிப். அந்த சிப்பின் டேட்டா ஷீட்டில் இருந்த படத்தை முதலில் பார்த்தபோதே, இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. தேடிப் போனால் கதை நூறு வருஷத்துக்கு மேல் பின்னால் போகிறது.

முதலில் பிரச்சினையைச் சொல்லிவிடுகிறேன். மின்சாரம் தருகிற ஒன்று இருக்கிறது: டைனமோ, சோலார் தகடு, சுவரில் சொருகும் சார்ஜர், எதுவாகவும் இருக்கலாம். அதைச் சேர்த்து வைக்கிற பேட்டரி ஒன்று. செலவு செய்கிற விளக்கோ போனோ ஒன்று. மூன்றையும் ஒரே இரண்டு கம்பியில் சேர்த்துக் கட்டிவிட்டால் போதாதா? போதாது. பேட்டரிக்குத் தேவையான வோல்டேஜும் விளக்குக்குத் தேவையான வோல்டேஜும் ஒன்றல்ல. லெட்-ஆசிட் பேட்டரியின் ஒரு செல் சும்மா இருக்கும்போது 2 வோல்ட்டுக்குச் சற்று மேலே இருக்கும். சார்ஜ் ஏற்றி முடிக்கும் கட்டத்தில் 2.5 வோல்ட்டைத் தாண்டும். 12 செல் போட்ட 24 வோல்ட் அமைப்பில் இது 30 வோல்ட்டுக்கும் மேல் என்றாகிறது. 24 வோல்ட்டுக்கென்று செய்த பல்பு அங்கே மாட்டியிருந்தால் சீக்கிரம் சுட்டுப்போகும். பல்பைக் காப்பாற்ற வோல்டேஜைக் குறைத்தால் பேட்டரி நிரம்பாது. போதாக்குறைக்கு, மின்சாரம் தருகிறவர் நின்றுவிட்டால் பேட்டரி அவருக்கே திருப்பிக் கொடுக்க ஆரம்பித்துவிடும்.

ஆக, கேள்வி இதுதான். இருக்கிற மின்சாரத்தை முதலில் யாருக்குக் கொடுப்பது, எந்த வழியில் கொடுப்பது?

இதற்கு முதலில் விடை தேட வேண்டியிருந்தது ரயில்காரர்கள்தான். மதராஸிலிருந்து சேலம் வழியாக மேற்குக் கரையின் பேப்பூர் வரை போகும் பாதை 1862-இல் முழுமையானது. அப்போது பெட்டிகளில் எண்ணெய் விளக்கு. கஸ்தோன் பிளாந்தே லெட்-ஆசிட் பேட்டரியைச் செய்து மூன்றே வருஷம்தான் ஆகியிருந்தது, அது 1859. ஓடுகிற ரயிலிலேயே மின்சாரம் எடுத்து விளக்கு எரிப்பது நடைமுறைக்கு வந்தது 1890களில். லண்டன் டெப்ட்ஃபர்டில் இருந்த ஜே. ஸ்டோன் கம்பெனியின் முறை அதில் பேர் போனது.

யோசனை எளிது. பெட்டியின் அச்சில் ஒரு பெல்ட், அந்த பெல்ட்டில் ஒரு டைனமோ. ரயில் ஓடினால் மின்சாரம். ஆனால் ரயில் ஒரே வேகத்தில் ஓடாது, ஸ்டேஷனில் நிற்கும், எதிர்த்திசையிலும் போகும். ஸ்டோன் முறையில் இதற்கெல்லாம் இரும்பிலேயே விடை வைத்திருந்தார்கள். வேகம் ஒரு அளவைத் தாண்டியதும் சுழற்சி விசையால் இயங்கும் ஒரு சுவிட்ச் டைனமோவை பேட்டரியோடு சேர்க்கும், வேகம் குறைந்தால் பிரித்துவிடும். திசை மாறினால் முனைகளையும் மாற்றிவிடும். எனக்கு மிகவும் பிடித்தது பெல்ட் சமாசாரம். டைனமோவை இறுக்கிப் பூட்டாமல், ஊஞ்சல் மாதிரி தொங்கவிட்டிருந்தார்கள். அதன் எடைதான் பெல்ட்டின் இழுவிசை. ரயில் வேகமெடுத்து டைனமோ அளவுக்கு மேல் இழுக்கப்பட்டால் அது அச்சை நோக்கி நகரும், பெல்ட் தளர்ந்து வழுக்கும், டைனமோ அதற்கு மேல் வேகமாகச் சுற்றாது. எலக்ட்ரானிக்ஸ் ஒரு துளி இல்லாமல் மின்னோட்டத்துக்கு உச்சவரம்பு! இந்த வழுக்கும் பெல்ட்டை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

விளக்கு-பேட்டரி சண்டைக்கு அவர்கள் தந்த தீர்வு, இரண்டு பேட்டரி. ஒன்று சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது மற்றது விளக்கைப் பார்த்துக்கொள்ளும், பிறகு மாற்றிக்கொள்வார்கள். செலவு பிடித்த வழிதான், ஆனால் பிரச்சினையைச் சரியாகப் புரிந்துகொண்ட வழி. நம் ரயில் பெட்டிகளுக்கு அடியிலும் பல்லாண்டுகள் இந்த அச்சு-பெல்ட் வம்சத்து இயந்திரங்கள்தான் தொங்கின. ஸ்டேஷனில் வண்டி நின்றதும் லைட் மங்கி, ஃபேன் சோர்ந்து போய், வண்டி நகர்ந்து கொஞ்ச நேரத்தில் உயிர் வருவதை எண்பதுகளில் பயணம் செய்தவர்கள் பார்த்திருப்பார்கள்.

ரயிலில் ஒரு பெட்டிக்கு இரண்டு பேட்டரி வைக்க இடம் உண்டு. மோட்டார் வண்டியில் இல்லை. 1912 மாடல் காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங்கின் செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்த பிறகு எல்லா வண்டிக்கும் பேட்டரி கட்டாயமாயிற்று. அப்போது அமெரிக்காவில் பரவலாக இருந்தது 'மூன்றாவது பிரஷ்' டைனமோ. அது பேட்டரி நிரம்பிவிட்டதா என்று பார்க்காது, பாட்டுக்கு ஏற்றிக்கொண்டே இருக்கும். பகலில் நெடுந்தூரம் போகிறவர்கள் பேட்டரி கொதிக்காமல் இருக்க ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு ஓட்டினார்கள். செலவு செய்கிறவரை வைத்து பேட்டரியைக் காப்பாற்றுகிற தலைகீழ் ஏற்பாடு.

இங்கேதான் நம் கறுப்புப் பெட்டி வருகிறது. அதன் உள்ளே இருக்கும் கட்-அவுட் ஒரு மின்காந்தம், ஒரு ஸ்பிரிங், ஒரு ஜோடி பாயின்ட், அவ்வளவுதான். ஆனால் மின்காந்தத்தில் இரண்டு சுருள். ஒன்று மெல்லிய கம்பி, அது டைனமோவின் வோல்டேஜைப் பார்க்கும். பேட்டரியைவிடச் சற்று அதிகமானதும் பாயின்ட்டை இழுத்துச் சேர்க்கும். மற்றது தடித்த கம்பி, பேட்டரிக்குப் போகும் மின்னோட்டம் முழுவதும் அதன் வழியாகத்தான் போகும். மின்சாரம் பேட்டரியை நோக்கிப் போகிறவரை இந்தச் சுருள் முதல் சுருளுக்குத் துணைநின்று பாயின்ட்டை இறுகப் பிடித்திருக்கும். இன்ஜின் வேகம் குறைந்து மின்சாரம் திரும்பி ஓட ஆரம்பித்த கணம் அதே சுருள் எதிராக வேலை செய்து பாயின்ட்டை விடுவித்துவிடும். திசையை உணரும் கதவு. இது ஒட்டிக்கொண்டால் பேட்டரி ராத்திரி முழுக்க டைனமோவுக்குள் வடிந்து, காலையில் லாரியைத் தள்ள நான்கு பேர் வேண்டும். சில சமயம் டைனமோவே கருகிவிடும். பாயின்ட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சுத்தம் செய்வது அந்தக் கால ஆட்டோ எலக்ட்ரீஷியனின் அன்றாடச் சோறு.

பெட்டியில் கட்-அவுட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு சுருளும் இருக்கும், வோல்டேஜ் ரெகுலேட்டர். இங்கிலாந்தின் லூகாஸ் கம்பெனி செய்த பெட்டிகளைப் பற்றித் தேடிப் படித்தபோதுதான் எனக்கு விஷயம் பளிச்சென்று விளங்கியது. நம் அம்பாசடருக்கு மூலமான மாரிஸ் ஆக்ஸ்போர்டு போன்ற வண்டிகளில் இருந்த பெட்டியில் ஐந்து முனை. டி-யும் எஃப்-பும் டைனமோவுக்கு. ஈ எர்த். ஏ என்பது பேட்டரிக்கு. ஏ1 என்று இன்னொன்று தனியாக, அதில்தான் விளக்கு, இக்னிஷன் எல்லாம் சேரும். பேட்டரிக்குப் போவதும் சுமைக்குப் போவதும் வேறு வேறு முனையிலிருந்து! இரண்டு மின்னோட்டமும் ரெகுலேட்டரின் சுருளில் வேறு வேறு எண்ணிக்கையிலான சுற்றுகள் வழியாகப் போகும். விளக்கைப் போட்டுச் சுமை கூடினால் அந்தக் கூடுதல் சுற்றுகள் ரெகுலேட்டரைத் தூண்டி வோல்டேஜைக் கொஞ்சம் இறக்கும், பேட்டரிக்குப் போவது குறையும், டைனமோ அளவுக்கு மேல் கஷ்டப்படாது. சுமை குறைந்தால் மறுபடி பேட்டரிக்கு. யாருக்கு எவ்வளவு என்று தராசு பிடித்த பெட்டி அது, 1930களிலிருந்தே.

நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகளுக்கு நடுவே ஒரு எலக்ட்ரிக் கடை. எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர் இன்னமும் உட்கார்ந்து ஆர்மேச்சர் பார்க்கிறார். என் டேட்டா ஷீட் படத்தை போனில் பெரிதாக்கிக் காட்டி, இன், அவுட், பேட் என்று மூன்று முனையையும் தமிழில் விளக்கினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது டைனமோ லைனு. இது லோடு. இது பேட்டரிங்களா?"

"ஆமாங்க ஐயா."

"அப்ப கட்-அவுட்டுப் பொட்டிதானுங்க தம்பி. என்னமோ புதுசுன்னீங்க?"

நான் முந்நூறு பக்கம் படித்துப் பிடித்ததை அவர் மூன்று கேள்வியில் முடித்துவிட்டார். எப்போது டைனமோ வருவது நின்றது என்று கேட்டேன். வருஷம் சொல்லத் தெரியவில்லை. "ஆல்டர்னேட்டர் வந்துச்சு, கட்-அவுட்டு போச்சு. எங்க சோத்துல பாதி போச்சு" என்றார்.

அது சரியான கணக்கு. ஆல்டர்னேட்டரில் மாறுமின்சாரத்தை நேராக்க சிலிக்கான் டயோடு இருந்தே ஆகவேண்டும். டயோடு ஒரு திசையில்தான் விடும். பேட்டரியிலிருந்து திரும்பி வர வழியே இல்லை என்றால் கட்-அவுட்டுக்கு என்ன வேலை? 1960-இல் கிரைஸ்லர் தன் வேலியன்ட் காரில் ஆல்டர்னேட்டரை வழக்கமான உறுப்பாகப் போட்டது. நம் ஊரில் சென்னை பாடியில் லூகாஸ்-டிவிஎஸ் 1961-இல் தொடங்கியது. டைனமோவிலிருந்து ஆல்டர்னேட்டருக்கு மாறிய இந்தத் தலைமுறை மாற்றம் நம் லாரிகளுக்குப் பெரும்பாலும் இதுபோன்ற தொழிற்சாலைகள் வழியாகத்தான் வந்தது. ஆல்டர்னேட்டர் மெதுவாக ஓடும்போதும் மின்சாரம் தரும். செக்போஸ்ட் வரிசையில் இன்ஜினை ஐடிலிங்கில் போட்டுக்கொண்டு நிற்கிற லாரிக்கு இது பெரிய விஷயம். டைனமோ காலத்தில் அப்படி நிற்கும் நேரமெல்லாம் பேட்டரியின் செலவுக்கணக்குதான்.

இதே காலத்தில் இன்னொரு இடத்திலும் இந்தக் கேள்விக்கு நல்ல விடை இருந்தது, நாம் கவனிக்காமலேயே. கரண்ட் போனாலும் லேண்ட்லைன் போன் வேலை செய்யுமே, ஏன்? எக்ஸ்சேஞ்சில் 48 வோல்ட் பேட்டரி வரிசை எப்போதும் மிதப்பில் இருக்கும். சார்ஜர் எக்ஸ்சேஞ்சின் அன்றாடச் செலவைக் கொடுத்துக்கொண்டே பேட்டரிக்கு ஒரு சிறு துளியை விட்டுக்கொண்டிருக்கும். கரண்ட் போனால் சுவிட்ச் எதுவும் மாற வேண்டாம், பேட்டரி தானாகத் தோள் கொடுக்கும். மின்வாரிய சப்ஸ்டேஷனிலும் இதே கதை. பிரேக்கரைத் திறந்து மூட, ரிலே வேலை செய்ய, நேர்மின்சாரம் எந்த நேரமும் வேண்டும், அதுவும் ஊரே இருட்டாக இருக்கும்போது முக்கியமாக வேண்டும். மேட்டூரில் 1934-இல் அணை முடிந்து, சில ஆண்டுகளில் மின்நிலையமும் ஓட ஆரம்பித்தது. அது மாதிரி எந்த மின்நிலையத்துக்குள் போனாலும் ஆசிட் வாசனை அடிக்கும் ஒரு பேட்டரி அறை கட்டாயம் இருக்கும். அணையையும் டர்பைனையும் படம் பிடிக்கிறவர்கள் அந்த அறைப் பக்கம் போவதில்லை.

நல்ல விடைகள் இருந்தும் ஊர் அதைப் பெரிய அளவில் தவறவிட்ட காலம் ஒன்று உண்டு. 2008-லிருந்து தமிழ்நாட்டில் மின்வெட்டு தொடங்கியது, 2012-இல் உச்சம். சென்னைக்கு இரண்டு மணி நேரம் என்றால், எங்கள் பக்கம் பத்து மணி நேரத்துக்கும் மேல். அணையும் அனல்மின் நிலையமும் இருக்கிற மாவட்டத்துக்கும் அதே இருட்டுதான். (2012 ஜூலையில் வட இந்தியா முழுக்க கிரிட் விழுந்தபோது நாம் தப்பித்தோம். தென்னக கிரிட் மற்றவற்றோடு ஒத்திசைவாக இணைக்கப்பட்டது 2013 டிசம்பர் 31-இல்தான். இணையாததால் விழவில்லை, இணையாததால் வெளியிலிருந்து வேண்டிய அளவு வாங்கவும் முடியவில்லை.) பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிகள் நின்றன. வீடுகள் இன்வெர்ட்டர் வாங்கின. கடன் வாங்கியும் வாங்கினார்கள்.

இன்வெர்ட்டர் ஒரு விதத்தில் சரியான கருவி. கரண்ட் இருக்கும்போது வீட்டுச் சுமைக்கு நேராக லைனிலிருந்து போகும், பேட்டரிக்குத் தனி வழியில் சார்ஜ். கரண்ட் போனால் உள்ளே ஒரு ரிலே தட்டி மாற்றிவிடும். யாருக்கு முதலில் என்ற கேள்விக்கு அதனிடம் பதில் உண்டு. ஆனால் அந்தப் பதில் எப்போதாவது கரண்ட் போகிற ஊருக்கானது. ஒரு மணி நேரம் இருக்கும், அடுத்த மணி நேரம் இருக்காது என்கிற ஊரில் கணக்கு போட்டுப் பாருங்கள். இரண்டு ஃபேன், சோக் வைத்த இரண்டு டியூப் லைட், சுமார் 250 வாட். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து, இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால், 25 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். ஒரு மணி நேர இருட்டில் 25 ஆம்பியர்-மணி போய்விடும். கரண்ட் வந்ததும் 150 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு இன்வெர்ட்டர் ஏற்றுவது 10 முதல் 15 ஆம்பியர். ஒரு மணி நேரத்தில் திரும்பி வருவது போனதில் பாதி. ராத்திரிக்குள் பேட்டரி வறண்டுவிடும். அதைவிட மோசம், அது ஒரு நாளும் முழுதாக நிரம்பவே இல்லை என்பது. லெட்-ஆசிட் பேட்டரி பாதி நிலையிலேயே கிடந்தால் தட்டுகளில் ஈய சல்பேட் இறுகிப் படிகமாகி, அப்புறம் சார்ஜ் போட்டாலும் கரையாது. நாலைந்து வருஷம் வரவேண்டிய பேட்டரி ஒன்றரை வருஷத்தில் எடைக்குப் போனதைப் பல வீட்டில் பார்த்தேன். எல்லோரும் பேட்டரி கம்பெனியைத் திட்டினார்கள். பேட்டரி என்ன செய்யும்? அதற்கு நிரம்ப அவகாசமே கொடுக்கப்படவில்லை. இத்தனைக்கும் கரண்ட் வந்த அந்த ஒரு மணி நேரத்தில் ஊரிலுள்ள எல்லா இன்வெர்ட்டரும் ஒன்றாக லைனை உறிஞ்சின என்பது தனிக் கூத்து.

அதே வருஷங்களில் எல்லோர் கையிலும் போன் வந்திருந்தது. போனின் பேட்டரி வேறு ஜாதி. குட்எனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவரும் 2019-இல் நோபல் வாங்கிய லித்தியம்-அயான். 1991-இல் சோனி முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. லெட்-ஆசிட் ஒரு எருமை மாதிரி, கொஞ்சம் கூடக் குறையப் போட்டாலும் தாங்கும். கொதித்தால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிக்கொள்ளலாம். லித்தியம் அப்படி இல்லை. வழக்கமான செல்லுக்கு 4.2 வோல்ட் என்றால் 4.2 தான், ஒரு சதவீதம் பிசகுவதற்கே யோசிப்பார்கள். நிரம்பியதும் நிறுத்த வேண்டும், லெட்-ஆசிட் மாதிரி மிதப்பில் விடக்கூடாது. முழுக்க வற்றிப் போயிருந்தால் முதலில் சொட்டுச் சொட்டாக ஏற்றி எழுப்பிவிட்டுத்தான் முழு வேகம். கடும் குளிரிலும் கடும் சூட்டிலும் ஏற்றவே கூடாது.

இவ்வளவு கறாரான பேட்டரியோடு சாதனத்தைச் சேர்த்துக் கட்டிய விதம் மட்டும் ஆரம்பத்தில் பல கருவிகளில் பழைய விதமாகவே இருந்தது. சார்ஜர் சிப்பின் வெளிமுனை பேட்டரியில், அதே முனையில் சாதனமும். கட்-அவுட்டுக்கு முந்தைய காலம்! என்ன ஆகும் என்று பார்க்கலாம். சிப் 500 மில்லிஆம்பியரில் ஏற்றுகிறது, மின்னோட்டம் 50-க்குக் கீழே இறங்கினால் பேட்டரி நிரம்பிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறது என வைத்துக்கொள்வோம். பக்கத்தில் சாதனம் விடாமல் 80 மில்லிஆம்பியர் குடிக்கிறது. சிப்புக்கு இரண்டும் சேர்ந்த ஒரே எண்தான் தெரியும், அது 80-க்குக் கீழே இறங்கவே இறங்காது. பேட்டரி நிரம்பி நாள்கணக்கில் 4.2 வோல்ட்டில் தொங்கிக்கொண்டிருக்கும், அது உப்புவதற்கு வழி இதுவும்தான். மறுபக்கம், வற்றிய பேட்டரியை எழுப்ப சிப் 50 மில்லிஆம்பியர் சொட்டு விடும்போது சாதனம் 80 குடித்தால், சார்ஜரில் போட்டிருக்கும்போதே பேட்டரி இறங்கும். சார்ஜரில் சொருகியும் கால் மணி நேரம் உயிர் வராமல் கிடந்த பழைய கருவிகள் உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும்.

இரண்டாயிரங்களில் லீனியர் டெக்னாலஜி, டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் மாதிரி கம்பெனிகள் வேறு வகைச் சிப்புகளைக் கொண்டுவந்தன. 'பவர் பாத்' என்று பெயர். என் மேஜையில் இருக்கும் பிக்யூ24075 அந்த வகை, 3 மில்லிமீட்டருக்கு 3 மில்லிமீட்டர், பதினாறு கால். உள்ளே முக்கியமானவை இரண்டு டிரான்சிஸ்டர் கதவுகள். ஒன்று உள்வரும் மின்சாரத்துக்கும் சாதனத்துக்கும் நடுவில். மற்றது சாதனத்துக்கும் பேட்டரிக்கும் நடுவில். சாதனத்துக்கு முதல் பந்தி. மிச்சம் இருப்பது இரண்டாவது கதவு வழியாக பேட்டரிக்கு. சாதனம் அதிகம் கேட்டால் பேட்டரிக்கு ஏறுவதைக் குறைக்கும். அதுவும் போதவில்லை என்றால் அதே கதவு வழியாக பேட்டரியிலிருந்து எடுத்துச் சேர்த்துக் கொடுக்கும். சாதனத்தின் செலவு தனி வழியில் போவதால் பேட்டரிக்குள் எவ்வளவு போகிறது என்பது சிப்புக்குத் துல்லியமாகத் தெரியும், நிரம்பியதும் நிறுத்திவிட முடிகிறது. அவுட், பேட் என்ற இந்த இரண்டு முனையும் லூகாஸ் பெட்டியின் ஏ1, ஏ-தான் என்று சொன்னால் அந்தக் கம்பெனி இன்ஜினியர்கள் ஒருவேளை சிரிக்கலாம். நாமக்கல் பெரியவர் சிரிக்கவில்லை.

வழுக்கும் பெல்ட்டுக்கும் வாரிசு உண்டு. மட்டமான சார்ஜரிலோ மெலிந்த கேபிளிலோ சொருகினால், இழுக்க இழுக்க 5 வோல்ட் சரிந்துகொண்டே போகும், ஒரு கட்டத்தில் படுத்துவிடும். இந்தச் சிப் யுஎஸ்பி நிலையில் இருக்கும்போது உள்வரும் வோல்டேஜைக் கவனித்துக்கொண்டே இருக்கும். 4.5 வோல்ட்டை நெருங்கினால் தன் இழுவையைத் தானே தளர்த்திக்கொள்ளும். ஸ்டோன் முறையில் அளவுக்கு மீறினால் பெல்ட் வழுக்கிற மாதிரி, இங்கே மின்னோட்டம் வழுக்குகிறது. மேகம் மறைத்த சோலார் தகடுக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை.

(சென்னைக்குப் பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை 2006-லிருந்து 2014 நவம்பர் வரை ஓடியது. மூடிக்கிடந்த அந்த இடத்தை எடுத்துக்கொள்வதாக 2019-இல் அறிவிப்பு வந்த சால்காம்ப், சார்ஜர் செய்கிற கம்பெனி. போன் போய் சார்ஜர் வந்தது.)

கோழிப்பண்ணைக்கு வருகிறேன். ஏப்ரல், மே மாதத்தில் அந்த ஷெட்டுக்குள் நிற்க முடியாது. வெயில் தாங்காமல் கோழிகள் சாகும் மாதங்கள் அவைதான், ஆகவே கருவி ஓடியே ஆகவேண்டிய மாதங்களும் அவைதான். கூரையை ஒட்டி மாட்டிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் மத்தியானம் சூடு 50 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் லித்தியம் செல்லுக்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது. செல்லோடு ஒட்டியிருக்கும் தெர்மிஸ்டரைப் பார்த்து சிப் ஏற்றுவதை நிறுத்திவிடும். நேராகக் கட்டிய பழைய விதமாக இருந்தால், சார்ஜிங் நின்றதும் கருவி பேட்டரியைத் தின்ன ஆரம்பித்திருக்கும். உச்சி வெயிலில், தகடு நிறைய மின்சாரம் தரத் தயாராக இருக்கும்போது! பவர் பாத் இருப்பதால் பேட்டரியின் கதவு மட்டும் மூடியிருக்கிறது, தகட்டிலிருந்து கருவிக்குப் போகும் கதவு திறந்தே இருக்கிறது. சாயங்காலம் சூடு இறங்கும்போது, சூரியன் போவதற்குள், மறுபடி கொஞ்சம் ஏறிக்கொள்ளும். போன மாதம் பதிவான எண்களில் இதைக் கோடு போட்ட மாதிரி பார்க்க முடிந்தது.

விலையைச் சொல்லிவிட வேண்டும். எங்கு பார்த்தாலும் கிடைக்கிற டிபி4056 என்ற சாதாரண சார்ஜர் சிப் சில ரூபாய்தான். நல்ல சிப், தனியாக ஒரு செல்லை ஏற்றுவதற்கு அருமையானது, ஆனால் அதில் சாதனத்துக்கென்று தனி வழி இல்லை. பவர் பாத் சிப் அதைப்போலப் பல மடங்கு விலை. முதுகில் மாட்டி மருந்தடிக்கும் பேட்டரி ஸ்பிரேயர், எமர்ஜென்சி லைட், மேசை ஃபேன் என்று சந்தையில் விற்பதில் மலிவான பலவற்றைத் திறந்து பார்த்தால், சேமித்த காசு எங்கே என்று தெரிந்துவிடும். சிலவற்றில் நிரம்பினால் நிறுத்துகிற ஏற்பாடே கிடையாது, ஒரு டிரான்ஸ்ஃபார்மர், நாலு டயோடு, ஒரு ரெசிஸ்டர். 1920களின் மூன்றாவது பிரஷ்ஷைவிடப் பின்தங்கிய வேலை. செய்தவருக்கு மிச்சம் இருபது முப்பது ரூபாய், வாங்கிய விவசாயி வருஷத்துக்கு ஒரு பேட்டரி மாற்றுகிறார்.

திறக்காமலே ஓரளவு கண்டுபிடிக்கலாம். சின்னக் கருவி என்றால் பேட்டரியை முழுக்க வற்றவிட்டு, சார்ஜரில் சொருகிப் பாருங்கள். சொருகிய நொடியில் கருவி முழு உயிரோடு எழுந்தால் உள்ளே தனி வழி இருக்கிறது. விளக்கு மங்கலாக எரிந்து போகப்போகப் பிரகாசமானால் இல்லை. ஸ்மார்ட்போனுக்கு இந்தச் சோதனை செல்லாது. அது எழும்போது நொடிநேரத்துக்கு இழுக்கும் மின்சாரத்தைப் பல சார்ஜர்களால் தனியாகத் தரமுடியாது, பேட்டரியின் கையும் வேண்டும். அதனால் பேட்டரி இரண்டு மூன்று சதவீதம் ஏறட்டும் என்று வேண்டுமென்றே காத்திருக்கும்.

லூகாஸ் பெட்டி ஒன்று அந்தப் பெரியவர் கடையின் பரணில் கிடக்கிறது. மூடியைத் திறந்து படம் எடுத்திருக்கிறேன், அடுத்த குறிப்பில் சுருள்களின் சுற்று எண்ணிக்கையோடு போடுகிறேன்.